அம்மன் அலமாரியில் வைத்த வைஃபை பெட்டி

இதை எழுதலாமா, வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நண்டுக் குழம்பிலிருந்து நாத்தனார் சண்டை வரை இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டியவள்தான் நான். இதை மட்டும் தொடவில்லை. சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் படித்தால், 'அம்மனிடம் வைத்ததையா எடுத்தாய்?' என்று கோபிப்பார்கள். அதோடு, இது என் மருமகள் அமுதாவின் கதை. அவள் சரி என்று சொல்லாமல் நான் எப்படி எழுதுவது?

போன வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு முடிவு வந்தது.

காலையில் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மீஞ்சூரிலிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். ஒரு கையில் தேங்காய், பழத் தட்டு. இன்னொரு கையில் சின்னப் பெண் குழந்தை.

"யக்கா, ஊமைப் பொண்ண அம்மன் பேச வச்ச வூடு இதானே?"

கையிலிருந்த குண்டான் நழுவிவிட்டது.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமுதாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. அவளுடைய அம்மாவும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் கைதான் வாய். என் மகன் சேகரைக் கட்டிக்கொண்டு ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து, கடலையொட்டிய எங்கள் உப்பு ஏரிக்கரைக்கு வந்தாள். நாம் போன் எடுத்தால் 'ஹலோ' என்போம். அவளுக்கு வீடியோ கால் ஒன்றுதான் வழி. வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்பீர்கள்... அவள் அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை.

எங்கள் பக்கத்தில் சிக்னல் எப்படி? ஏரிக் காற்று மாதிரி. வரும், போகும். பாதிப் பேச்சில் படம் உறைந்துவிடும். அந்த அம்மாவின் கை அந்தரத்தில் அப்படியே நிற்கும். அது என்ன சொல்ல வந்தது என்று இவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். பிரஷர் இருக்கிறது, தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் அப்பாவோ கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில். அவரை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியாது. அம்மா இல்லாமல் வளைகாப்பா? அமுதா பையில் புடவையை அடுக்கிவிட்டாள். பஸ் ஏறியே தீருவேன் என்கிறாள். சேகர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாக்குக் கொடுத்தான். 'வளைகாப்பு அன்றைக்கு உன் அம்மாவை வீடியோவில் உறையாமல் காட்டுகிறேன். முடியாவிட்டால் நானே கூட்டிப் போய் விடுகிறேன்.'

சொல்லிவிட்டு அவன் துறைமுக வேலைக்குப் போய்விட்டான். அந்த வாக்கைக் காப்பாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

ஒயர் இழுத்து நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் பாபுவைக் கூப்பிட்டோம். தெருக் கம்பத்திலிருந்து ஒயர் கொண்டுவந்து முன் அறையில் பெட்டியை வைத்தான். முன் அறையில் படம் பிரமாதம். ஏரிப் பக்கம் பின்கட்டில் அமுதாவின் அறைக்குப் போனால்... ஒன்றுமில்லை.

"ரெண்டு செவுரு தாண்டி வர மாட்டேங்குதுக்கா. இன்னொரு பெட்டி போட்டுடலாம். ஆக்சஸ் பாயிண்ட்னு சொல்லுவோம். இதுலேர்ந்து ஒயர் இட்டுனு போயி அங்க மாட்டுனா, அங்கேயே சிக்னல் குடுக்கும்."

"டேங்க்லேர்ந்து பைப்பு இஸ்து, பின்னால ஒரு கொழா வைக்கிறாப்பலயா?" இது என் வீட்டுக்காரர். ஏரியில் இறால் பிடிக்கிறவர். எதையும் தண்ணீரில் வைத்துத்தான் புரிந்துகொள்வார்.

"அதே தாண்ணே!"

பெட்டியை லேப்டாப்பில் மாட்டி என்னென்னவோ தட்டினான். என்னப்பா செய்கிறாய் என்று கேட்டேன். "வூட்டுக்குள்ள வர்ற ஒவ்வொரு போனுக்கும் மொத பெட்டி ஒரு நம்பர் குடுக்கும்க்கா. ரெண்டாவது பெட்டியும் குடுக்க ஆரம்பிச்சா குளறுபடி. அதான் இத்த வாய மூடிக்கினு இருன்னு சொல்றேன். ஒரு வூட்டுக்கு ஒரு மாமியார் போதும்ல?"

"அத்த இவ எதிர்ல சொல்லாத!" என்று என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது.

பின்கட்டு நடையில், ஜன்னலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினான் பாபு. அவன் போனில் போட்டுக் காட்டினான். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. போய்விட்டான்.

இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன்.

எங்கள் ஊரில் புது வலையோ, போட் இன்ஜினோ, எது வந்தாலும் அம்மன் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தண்ணீருக்குப் போகும். இதற்கு மட்டும் வேண்டாமா? அதோடு உப்புக் காற்று வேறு. ஜன்னல் ஓரத்தில் வைத்த எந்தப் பொருள் எங்கள் ஊரில் துருப்பிடிக்காமல் இருந்திருக்கிறது? அதே நடையில்தான் எங்கள் சாமி அலமாரி. நல்ல கனமான இரும்பு அலமாரி. சீரியல் பல்பு ஒயருக்காகப் பின்னால் ஏற்கெனவே ஓட்டை உண்டு. பெட்டியைக் கழற்றி, பித்தளைத் தகடு அடித்த அம்மன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். மஞ்சள், குங்குமம் இட்டேன். 'தாயே, என் மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகிறவரை இது உன் மடியிலேயே இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வளைகாப்பு. முன் அறையில் ஆண்களுக்குப் பந்தி போட்டிருந்ததால், பின்கட்டில் அமுதாவின் அறை நிறையப் பெண்கள். அமுதாவுக்கு எதிரே சொம்பில் போனைச் சாய்த்து வைத்தோம். அவள் அம்மா முகம் வந்தது. இரண்டு கையையும் தூக்கினார்...

உறைந்துவிட்டது.

மறுபடி போட்டோம். மறுபடி உறைந்தது. அமுதா என்னைப் பார்த்தாள். கையில் எடுத்த வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். நேராகப் பையிடம் போனாள்.

என் வீட்டுக்காரர் பாபுவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"நேத்து நல்லாத்தானேக்கா இருந்துச்சி? பெட்டி எங்க கீது?"

"சாமி அலமாரில."

"இரும்பு அலமாரியா? கதவு?"

"சாத்திதான் வச்சிருக்கேன். முன்னால தகடு அடிச்ச படம்..."

"யக்கா, இரும்பத் தாண்டி சிக்னல் எப்டிக்கா வரும்? வெளிய எடு மொதல்ல!"

எடுத்துவிடலாம். ஆனால் வேண்டிக்கொண்டேனே! அதுவும் பிரசவத்துக்காக வேண்டியது. என் நாத்தனார் வேறு கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அண்ணி. வெள்ளிக்கெழம அதுவுமா சாமிகிட்ட வச்சத எடுப்பாங்களா? புள்ளத்தாச்சி பொண்ணு கீது வூட்ல."

எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் அலமாரியைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.

பையோடு நடைக்கு வந்த அமுதா, படத்துக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்தாள். மஞ்சள், குங்குமத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பையைக் கீழே வைத்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மன் படத்துக்கு நேராக நின்று, அம்மனிடமே கேட்டாள்... கையால். மார்பைத் தொட்டு, வயிற்றைத் தொட்டு, விரல்களை மடக்கி, விரித்து... அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை. அவள் மொழியில் அப்போது எனக்குச் சாப்பாடு, தூக்கம், வேலை இந்த மூன்றும்தான் தெரியும். ஆனாலும் அது என்ன வேண்டுதல் என்று எனக்குத் தெரியாமலா போகும்?

நான் ஒன்று நினைத்தேன். இத்தனை வருஷமாக நான் வாயால்தான் வேண்டுகிறேன். அம்மன் ஒரு நாளாவது வாயைத் திறந்து எனக்குப் பதில் சொன்னதுண்டா? பேசாமலேயேதானே எல்லாம் செய்தாள்! அப்படியென்றால் அந்தத் தாய்க்கு யார் பேச்சு சுலபமாகப் புரியும்?

என் கையாலேயே பெட்டியை எடுத்து, பழைய ஆணியில் மாட்டினேன்.

திரும்பி வந்து போட்டால், அந்த அம்மாவின் கைகள் ஓடுகின்றன. நிற்கவே இல்லை. அமுதாவுக்கு வளையல் அடுக்கினோம். கையை மேலே தூக்கு, ஆட்டிக் காட்டு என்று அந்தப் பக்கத்திலிருந்து அவர் காட்டினார். இவள் ஆட்டினாள். அந்தச் சத்தம் இரண்டு பேருக்குமே கேட்காது. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அமுதா என் கையைப் பிடித்துத் தன் வளையல்மேல் வைத்தாள். கண்ணாடி அதிர்வது விரலில் தெரிந்தது. ஓ, இவள் இப்படித்தான் கேட்கிறாளா!

பை அலமாரி மேலே போனது. பேரன் நல்லபடியாகப் பிறந்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் பக்கத்து ஊரான கோட்டைக்குப்பம் போய்ச் சேர்வதற்குள், 'அலமாரியைத் திறந்ததும் பெண்ணின் உதடு அசைந்தது' என்று ஆனது. அடுத்த ஊரில், 'அம்மா என்று கூப்பிட்டாள்.' மீஞ்சூருக்கு என்னவாகப் போயிற்று என்றுதான் பார்த்தீர்களே!

வந்தவளிடம் உண்மையைச் சொன்னேன். "அப்டில்லாம் நடக்கலம்மா. என் மருமவ இப்பவும் பேசாது."

அவள் குழந்தைக்கும் காது கேட்காதாம், பேச்சு வராதாம். அவள் முகம் விழுந்துவிட்டது. தட்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் அமுதா வெளியே வந்தாள். குழந்தையின் எதிரே குந்தி, உள்ளங்கையை நெளித்து நெளித்து மீன் மாதிரி நீந்தவிட்டாள். குழந்தை பார்த்தது. தன் கையையும் நெளித்தது. அப்புறம் நண்டு. அப்புறம் படகு. அப்புறம்... தன் அம்மாவைக் காட்டி, 'இதற்கு என்ன?' என்பதுபோல் அமுதாவைப் பார்த்தது. அமுதா காட்டினாள். குழந்தை திரும்பித் தன் அம்மாவைப் பார்த்து அதையே செய்தது.

"இன்னாக்கா சொல்லுது?"

"உன்னத்தாம்மா கூப்புடுது."

அந்தப் பெண் அழுத அழுகை இருக்கிறதே...

இப்போது தினமும் சாயங்காலம் மீஞ்சூர்க் குழந்தைக்கு வீடியோவில் பாடம். அதே ஜன்னல், அதே பெட்டி. கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது; பரவாயில்லை. அவர்கள் வந்துபோன அன்றைக்கு ராத்திரிதான் அமுதா என்னைப் பார்த்து எழுதுகிற மாதிரிக் கையைக் காட்டி, சரி என்று தலையை ஆட்டினாள்.

ஆகவே, படித்தவர்கள் தயவுசெய்து இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். அமுதா பேசினாள் என்று சொல்லாதீர்கள். இன்னொரு தாய் தேங்காயோடு வந்து ஏமாறக் கூடாது. அம்மன் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லாதீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெட்டியை மட்டும் இரும்பு அலமாரிக்குள் வைக்காதீர்கள்.