இறங்கும் இடத்தைச் சொல்லத் தெரியாதவள்

என் விசுவாச சொந்தங்களே, ஆண்டவர் பெயரில் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

போன வருடம் நாங்கள் இந்த நாட்டை விட்டே போவதாக முடிவாகியிருந்தது. சுற்றிப் பார்க்க அல்ல, ஒரேயடியாக. எங்கள் ஒரே மகள் கிரேஸ் ஆஸ்திரேலியாவில் நர்ஸாக இருக்கிறாள். எங்களை அங்கேயே வைத்துக்கொள்ள விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். என் கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி, மூச்சிரைப்பு. ஏன் போகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்வார். பக்கத்து வீட்டில் கேட்டால், "இங்க ஒரே புகைங்க." மில் நண்பர்கள் கேட்டால், "அங்க ஆஸ்பத்திரி நல்லாருக்குமாம்." போதகர் கேட்டால், "பேத்தியோட இருக்கோணுமுங்கய்யா." எல்லாமே உண்மைதான். ஆனால் எதுவும் அவர் மனதிலிருந்து வந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

எனக்குப் போக மனமில்லை. அதை யாரிடமும் சொல்லவும் வாயில்லை. புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் எங்கள் விசாவுக்காக உருகி ஜெபித்தார்கள். நானும் "ஆமென்" என்றேன். உள்ளுக்குள், "ஆண்டவரே, தடுத்துவிடும்" என்று கேட்டேன். ஒவ்வொரு புதன்கிழமையும் அழுகையோடு வீட்டுக்கு வருவேன்.

நான் பிறந்தது வால்பாறை தேயிலை எஸ்டேட்டில், வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில். அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதுதான் அங்கே சட்டம். அம்மா பால்பவுடர் டப்பாவில் வைத்திருந்த டேலியாச் செடியை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் உட்கார்ந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எங்கள் மலை ஒரு தடவை தெரியும், மறையும். கடைசி வளைவு தாண்டியதும் தெரியவில்லை. சமவெளி வெயிலில் அந்தச் செடி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கோயம்புத்தூரில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த அன்றுதான், இனி யாரும் நம்மைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

என் கூச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லி நிறுத்தச் சொல்ல மாட்டேன். வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து வருவேன். "டிக்கெட் எடுத்தவளும் நீ, நடக்கறவளும் நீ" என்று என் கணவர் கேலி செய்வார்.

புறப்படும் முன்னால் கடைசியாக ஒருமுறை வால்பாறையைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் கூட்டிப்போனார். ஆகஸ்ட் மாதம், நல்ல சாரல். எங்கள் லைன் வீட்டு வாசலில் வேறு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். சின்ன வயதில் நாங்கள் ஆராதனைக்குப் போன சின்னக் கோயிலின் மணி மட்டும் அதே சத்தம். அன்றே இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, மாலை உக்கடம் வந்தோம்.

பஸ் நிலையத்தில் கால் வைத்ததும் அவருக்கு மூச்சு இழுத்தது. சட்டைப்பையைத் தடவினார். இன்ஹேலரை வீட்டில் வேறு சட்டையில் விட்டு வந்திருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாக மாறியது. சுற்றிலும் நூறு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினேன். "ஆண்டவரே, எனக்கு வாயைக் கொடும்." அவ்வளவுதான் ஜெபித்தேன்.

அடுத்து வந்தது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. "ஏனுங்க! ஆராச்சும் வாங்க! எங்க ஊட்டுக்காரருக்கு மூச்சு வரலீங்க!"

பூ விற்ற அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இருவர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோக்காரர் வழிநெடுக, "தள்ளுங்க, தள்ளுங்க!" என்றார். நான் வெளியே தலையை நீட்டி அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். "நீங்க இருக்கறப்ப எனக்கு ஆரன் எதுக்குங்க அம்மணி" என்றார் அவர். ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மறுநாள் காலை மூச்சு சீரானதும் என் கணவர் என் கையைப் பிடித்தார்.

"நீ கத்துனது எனக்குக் கேட்டுதுடி. நெசத்தச் சொல்றேன் கேளு. புகையுமில்ல, ஒண்ணுமில்ல. நான் போயிட்டா நீ ஆருகிட்டயும் ஒரு டம்ளர் தண்ணிகூட வாய தொறந்து கேக்கமாட்டே. அதுக்குத்தான் மககிட்டக் கொண்டுபோய்ச் சேத்திப்போடோணும்னு நெனச்சேன்."

நான் அழுதுவிட்டேன். "எனக்குப் போக இஷ்டமில்லீங்க. விசா வரக்கூடாதுன்னுதான் ஜெபம் பண்ணுனேன்."

"அடிப்பாவி! இத்தன நாளா ஏன் சொல்லுல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். நர்ஸ் வந்து இருவரையும் திட்டினார்.

அன்று மகளிடம் நானே பேசினேன். எப்போதும் "அப்பாகிட்டத் தாரேன்" என்று போனை நீட்டுபவள் நான். "அம்மா, நீங்களா பேசறீங்க?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். விண்ணப்பம் வேண்டாம் என்றதும் அழுதாள். எனக்கும் வலித்தது. பிறகு, "செரி, கிறிஸ்துமஸுக்கு நாங்க வாரோம்" என்றாள். வந்தார்கள். பேத்தி இந்த வீடெல்லாம் ஓடினாள்.

அடுத்த புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் முறை என்னிடம் வந்தபோது, நடத்தும் சாராளக்கா வழக்கம்போல என்னைத் தாண்டிப் போனார். "நான் ஜெபிக்கறேனுங்கக்கா" என்றேன். எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். நான்கு வரிதான் ஜெபித்தேன். சத்தமாக.

நாட்டை விட்டுப் போகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரவர் காரணம் அவரவருக்கு. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றுக்கு ஆமென் சொல்லும் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதினேன். உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். நான் கேட்டது ஒரு தடை. அவர் கொடுத்தது ஒரு குரல்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் வரும்போது என் கணவர் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். நான்தான் சொல்கிறேன். பஸ் நிற்கிறது.