கோயில்காட்டு ஊசித்தட்டான்

கீரமங்கலம் பக்கம், கண்மாய்த் தண்ணீர் ஏறிச் சதுப்பாகிக் கிடக்கும் கோயில்காட்டுக்குள் மூன்று பேர் நிற்கிறோம். நான், கேமராவை இரவல் தந்த மச்சான் செல்வம், எங்களைக் கூட்டிவந்த பூசாரி வீட்டு ராக்கம்மா அக்கா. காட்டுக்குள் செருப்பு போடக்கூடாது. சேற்றுக்குள் காலில் ஏதாவது உரசினாலே எனக்கு உயிர் போய்த் திரும்புகிறது.

"பாம்பு இருக்குமாக்கா?"

"இருக்கும். அது பின்ன எங்கிட்டுப் போகும்? சும்மா வாங்க தம்பி."

போன மழைக்கு இங்கே ஒரு நீல ஊசித்தட்டானைப் பார்த்தேன். இந்தப் பக்கம் அது கிடையவே கிடையாது என்கிறார்கள் பூச்சி பார்க்கும் நண்பர்கள். படம் காட்டினால்தான் நம்புவார்களாம்.

இதோ, கோரைத் தண்டில் அதே பூச்சி. குறுக்கே ஒரு சூரைமுள் கிளை மறைக்கிறது. செல்வம் அதை ஒடிக்கக் கை நீட்டுகிறான்.

"கைய எடுங்க! எங்க சாமி காட்டுல காஞ்ச குச்சியக்கூட ஒடிக்க மாட்டோம்."

தூறல் விழுகிறது. பூச்சி சிறகை விரித்து மூடுகிறது. பறந்துவிடுமோ என்று அவசரமாகக் கேமராவைக் கண்ணில் வைக்கிறேன். அக்கா என்ன நினைத்தாரோ, வெறுங்கையால் முள்கிளையைப் பிடித்து ஒதுக்குகிறார்.

"வெரசா எடுங்க தம்பி, முள்ளு ஏறுது."

மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறேன். பூச்சி பறந்துவிட்டது. பார்க்கப் பயந்து கேமராவைச் செல்வத்திடம் நீட்டுகிறேன்.

"படம் விழுந்திருச்சு மச்சான்!"

நீல வால் நுனிவரை தெளிவாகத் தெரிகிறது. படத்தின் ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல், அதில் ஒரு சொட்டு ரத்தம்.

"ஓரத்த வெட்டிட்டு அனுப்புங்க" என்கிறான் செல்வம்.

நான் அப்படியேதான் அனுப்புகிறேன்.