அற்புதமலர் பார்த்த இரத்தம்

அற்புதமலருக்குப் பொறுமை அதிகம். எனக்கு அது அறவே கிடையாது. அந்த இரகுநாதன் திட்டும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். வாசலில் நிற்கும் எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும். பின்னாளில் அவள் கை நல்ல கை என்று பெயரெடுத்தது. நான் சொல்வது அதற்கு முந்திய கதை.

ஐம்பத்தேழாம் வருஷம். பதுளைப் பட்டணத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. நான் அங்கே நர்ஸ். தோட்டத்துச் சனங்கள் வாயில் ‘மிஸி’. மலர் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள். பாதிரியார் சொல்லி, ஆய்வுகூடத்தில் வேலை பழகச் சேர்ந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. வேலை பழக்கியவன்தான் இந்த இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரன், கொழும்பில் படித்துவிட்டு வந்தவன். வயதென்னவோ எங்கள் வயதுதான். பேச்சு மட்டும் பெரிய டொக்டர் பேச்சு.

வேலையும் லேசுப்பட்டதல்ல. கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து இரத்தத்தை உறிஞ்ச வேண்டும், அதில் கீறியிருக்கும் அளவுக் கோட்டைத் தொட்டதும் விரலால் அடைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் இரத்தம் வாய்க்குள் போய்விடும். பிறகு மருந்துகளைச் சேர்த்து, வருகிற நிறத்தை அளவு தெரிந்த இன்னொரு நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சீனிக்கு நீலம். சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் தேங்குமே யூரியா, அதற்கு மஞ்சள். அளவு ஏற ஏற நிறம் கடுமையாகும். மலர் எது செய்தாலும் அவன் கணக்கோடு ஒத்துவராது.

“கோடு எங்க, உம்மட இரத்தம் எங்க? கண் இருக்கோ பிள்ளை?” என்பான்.

“இருக்குங்க சேர்,” என்பாள் இவள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அதில் பெரியாயி விஷயம் வேறு. பெரியாயி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். சீனி வியாதியா என்று பார்க்க டொக்டர் அனுப்பினார். வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

“ஏதாச்சும் சாப்புட்டீங்களா?” என்று மலர் கேட்டிருக்கிறாள்.

“ஒன்னும் சாப்புடலைங்க,” என்று பெரியாயி சொல்லியிருக்கிறாள்.

அவள் பொய் சொல்லவில்லை. விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் சீனியை அள்ளிப்போட்டுக் குடிக்கிற தேத்தண்ணியை எங்கள் தோட்டத்துச் சனம் சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை. மலரும் அன்றைக்கு அதைத்தான் குடித்துவிட்டு, காலையிலிருந்து பட்டினி என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரத்தத்தில் சீனி கூடுதலாகக் காட்டியது. டொக்டர் சோற்றைக் குறைத்தார். பாவம் பெரியாயி, அரை வயிற்றோடு மலை ஏறிக் கொழுந்துக் கூடையோடு மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் தேத்தண்ணிக் கதை வெளியே வந்தது.

“உங்கட ஆக்களுக்குத் தேத்தண்ணி சாப்பாடில்லையோ?” என்று இரகுநாதன் கத்தினான். மலர் அன்று முழுவதும் அழுதாள். தன் கையை அவள் நம்பாமல் போனது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் அப்பா மரியநாயகம் வந்து சேர்ந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மனுஷன், கல்லு மாதிரி உடம்பு. இப்போது முகம் ஊதிப்போய், எதைத் தின்றாலும் குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு. டொக்டர் யூரியா பார்க்கச் சொன்னார். நான்தான் ஊசி குத்தி இரத்தம் எடுத்தேன். “எம்மக பாக்குமா?” என்று மட்டும் கேட்டார். மலர் குழாயை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

கடைசி மருந்தை விட்டதும் மஞ்சள் வரவில்லை. செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி வந்தது.

“நாந்தான் தப்பா செஞ்சிருப்பேன் சேர். நீங்க ஒருக்கா பாருங்க,” என்றாள். திட்டு வாங்கக் கெஞ்சுகிறவளை அன்றுதான் பார்த்தேன். இரகுநாதன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“அப்பா தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தாருங்க சேர். சீனி போட்டுத்தான் குடிச்சாரு.”

“தேத்தண்ணியாலை யூரியா ஏறாது, பிள்ளை.”

அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. மிச்ச இரத்தத்தில் தானே முதலிலிருந்து செய்தான். மலர் பக்கத்தில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், மாதாவைத்தான் கூப்பிட்டிருப்பாள். அதே செம்மண்.

“உம்மட கணக்கும் என்ர கணக்கும் ஒண்டுதான்,” என்றான். “பிழை இல்லை.”

அந்த வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்திருந்தாள்! அடப்பாவி, அன்றைக்காவது திட்டியிருக்கக் கூடாதா?

டொக்டர் நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, கொழும்புக்குக் கொண்டுபோனாலும் இதற்கு வழியில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விரும்பியதைக் கொடு என்றார். மலர் தலையாட்டினாள். அப்பாவிடம் தானே சொல்வதாகச் சொன்னாள். கூடவே நானும் போனேன்.

மரியநாயகம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, நீதான் பாத்தியா?”

“நாந்தாம்ப்பா.”

“என்ன வியாதின்னு தெரிஞ்சிருச்சா?”

“தெரிஞ்சிருச்சுப்பா.” மிச்சத்தைச் சொல்ல அவர் பக்கத்தில் உட்காரப் போனாள்.

அதற்குள் அவருக்கு ஊதிப்போன முகமெல்லாம் சிரிப்பு. “அப்பறம் என்ன! வெவரம் தெரியாமத்தானே தோட்டத்துல இம்புட்டு நாளா தண்ணி மருந்தக் குடுத்தே ஏமாத்துனானுங்க. பாத்தீங்களா மிஸி, எம்மக கண்டுபுடிச்சிருச்சு!”

“அப்பா, கேளுங்கப்பா...”

“நீ வேலையப் பாரு தாயி. நா வாங்கிக்கிறேன்.”

எழுந்துவிட்டார். வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த போத்தலைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு, மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு நடந்தார். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். போய்த் தடுக்க அவளுக்கும் கால் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அவர் முறை வந்தது. போத்தலை ஜன்னலுக்குள் நீட்டினார்.

“எம்மக கண்டுபுடிச்ச வியாதிக்கு மருந்து குடுங்க ஐயா,” என்றார்.