பாதி வழியில் காய்ந்த மழை: புத்தூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் மச்சினி மகள் தேன்மொழிக்கு வளைகாப்பு. மாலை ஐந்து மணிக்கு, மொட்டை மாடியில். புத்தூரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், இதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். அன்றைக்கு நான் விருந்தாளியாகப் போகவில்லை, வானிலை ஆய்வாளராகப் போனேன்.

அந்தப் பதவியை எனக்கு யாரும் தரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரேடார் படங்களை விடாமல் போட்டு நானே எடுத்துக்கொண்டது. பத்தாம் வகுப்பு அறிவியலில் நான் வாங்கியது முப்பத்தாறு என்பது குழுவில் யாருக்கும் தெரியாது.

காலையில் கைப்பேசி, மழைக்கு அறுபது சதவீதம் வாய்ப்பு என்றது. மச்சினி போன் செய்தாள். "முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ் மாமா. அறுபது எடுத்த மழை பெயிலாகுமா?" எனக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. மழை என்றால் விழாவைக் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அவள் திட்டம். அதற்குள் தேன்மொழி போனை வாங்கிக்கொண்டாள். மூன்று மாதம் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லி, இப்போதுதான் நடமாடுகிற பெண்.

"பைக்குக்கு நடுவுல உக்காந்து வளையல் போட்டுக்கவா பெரியப்பா? மூணு மாசமா ஃபேனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க."

மூன்றரைக்குள் வானத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பெருமையில் வந்த வார்த்தை.

மனைவி காலையிலேயே போய்விட்டாள். நானும் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மகள் யாழினியும் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். புத்தூரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்குப் பத்து ரூபாய்க்குள். அடுத்த பஸ்ஸில் காவிரிப் பாலத்துக்கு முன்பே இறங்கி நடந்தோம். மேகம் பார்க்க இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மேற்கே முக்கொம்புப் பக்கம்வரை ஆறும் வானமும் மட்டும்தான்.

அங்கே ஒரு மேகம் நின்றது. அடி கருத்து, தலை பூத்து, உச்சி மட்டும் வெயிலில் மெழுகுபோல வெளுத்திருந்தது. அதன் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் தலைமுடி விரித்தாற்போல மழை இறங்கிக்கொண்டிருந்தது. ரேடார் படத்தில் அந்த இடம் முழுக்க மஞ்சள், நல்ல மழை என்று அர்த்தம். சரி, வண்டி நிறுத்தும் இடம்தான் என்று போனை எடுத்தேன்.

"அப்பா, இருங்க. அது தரையைத் தொடுதான்னு பாருங்க."

பார்த்தேன். தொடவில்லை. பாதி வானம்வரை வந்த அந்த இழைகள், அதற்குக் கீழே எதுவுமே இல்லாமல் கரைந்து போயின. கீழே இருக்கும் காற்று அவ்வளவு வறட்சி, விழுகிற துளி வழியிலேயே காய்ந்துவிடுகிறது என்றாள் யாழினி. ரேடார் நம் ஊருக்கு மேலே உயரத்தில் இருக்கிற தண்ணீரைத்தான் பார்க்கிறதாம், அது தரைக்கு வந்து சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாதாம். நாங்கள் எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ. குளிர்ந்த காற்று வந்தது, மழை வரவில்லை. பின்னால் போகிற பஸ்ஸின் சத்தம்கூட யாரோ தூரத்தில் பேசுவதுபோல இருந்தது.

மச்சினியை அழைத்து, மாடியிலேயே வைக்கச் சொன்னேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் ஆட்டோ பிடித்தோம், நூறு ரூபாய். மழை வருமா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "நீங்க குடை வச்சிருக்கீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வரும்."

ஐந்து மணிக்கு அந்த மேகம் கோபுரத்தைத் தாண்டி மாடிக்கு நேர் மேலே வந்துவிட்டது. வெயில் தணிந்து எல்லார் முகமும் ஒரே பொன்னிறமாயிற்று. வந்த பெண்கள் தேன்மொழிக்கு ஒரு வளையல் போடுவதும் அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தார்கள். மச்சினி அண்ணாந்து பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சந்தனத்தோடு தேன்மொழி என்னைக் கூப்பிட்டாள்.

"மேல பெய்யுதுல்ல பெரியப்பா?"

பெய்கிறது, வந்துகொண்டே இருக்கிறது என்றேன். அவள் கையை நீட்டினாள். முழங்கைவரை பச்சையும் சிவப்புமாக வளையல். அதில் ஒரு துளி விழுந்தது. பெரிய துளி, நானும் பார்த்தேன். மச்சினி தட்டோடு பக்கத்தில் வந்து, "கையில என்னடி ஈரம்?" என்றாள். தேன்மொழி இன்னொரு கையால் அந்தத் துளியை மூடிக்கொண்டு, "பன்னீர் தெளிச்சுட்டாரும்மா பெரியப்பா" என்றாள். அதற்கப்புறம் ஒரு துளியும் விழவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆவணி, புரட்டாசியில் மூன்று மணிக்கு மேல் பாலத்தில் மேற்குப் பார்த்து நில்லுங்கள். போனைப் பையில் வையுங்கள். அறுபது சதவீதம் என்பது மார்க் இல்லை, இதுபோன்ற பத்து நாளில் ஆறு நாள் பெய்யும் என்று அர்த்தமாம். மீதி நாலு நாளில் ஒன்று எனக்குக் கிடைத்தது. குடும்பத்தில் இப்போது எல்லா விழாவுக்கும் என்னிடம்தான் கேட்கிறார்கள். தேன்மொழி மட்டும் கேட்பதில்லை, சிரிக்கிறாள்.