ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோவில்பட்டியில் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்து ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுத்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் என் மூத்த மகள் கல்யாணத்துக்குத் தெருவில் ஒரு வீடு விடாமல் நானே போய்ப் பத்திரிகை வைத்தேன். ஆள் விட்டு அனுப்புகிற பழக்கம் என்னிடம் கிடையாது.

தெருக்கோடி வீட்டில் ஒரு டெய்லரும் ஒரு மில் தொழிலாளியும் பத்து வருசமாக ஒன்றாகக் குடியிருந்தார்கள். உறவு கிடையாது. பெண் கட்ட மாட்டோம் என்று சொந்த ஊர்களை விட்டு வந்தவர்கள். புருசன் பெண்டாட்டி மாதிரி இருக்கிறார்கள் என்று தெரு பேசும்; விசேஷத்துக்குக் கூப்பிடாது. நான் போனேன். ஆளுக்கொன்றாக இரண்டு பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினேன்.

டெய்லர் ஒன்றை மட்டும் எடுத்தார்.

"வீட்டுக்கு ஒண்ணுதான அண்ணாச்சி வைப்பீங்க? எங்களுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

மற்றதை எடுத்துப் பைக்குள் வைத்தேன். "யாரு பேரு எழுத?" என்றேன்.

"ரெண்டு பேரையும் எழுதுங்க. பிரிச்சு மட்டும் எழுதிராதீங்க" என்றார் மில்காரர்.

இரண்டு பேரையும் எழுதி, பக்கத்தில் 'குடும்பத்தார்' என்று போட்டுக் கொடுத்தேன்.

சேதி மாப்பிள்ளை ஊரான கயத்தாறு வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அவனுவ பந்தலுக்கு வந்தா எங்க ஆளுக ஒருத்தரும் கை நனைக்க மாட்டாவ, பாத்துக்கிடுங்க."

"வச்ச பத்திரிகையத் திருப்பி வாங்குத ஆளு நான் இல்ல, சம்பந்தி."

வீறாப்பாகத்தான் சொன்னேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தது எனக்குத்தான் தெரியும்.

நிற்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் புருசனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வந்து மணமக்களுக்குத் திருநீறு பூசினார்கள். டெய்லரும் மில்காரரும் மட்டும் தண்ணீர் டிரம் பக்கமே நின்றார்கள். என் வீட்டுக்காரிதான் சத்தம் போட்டாள்.

"ஏன் அங்கனயே நிக்கீங்க? சோடியா வந்து துன்னூறு பூசுங்க!"

இருவரும் வந்தார்கள். டெய்லர் தட்டிலிருந்து திருநீறு எடுத்தார். என் மகள் அவர்கள் இருவர் காலிலும் விழுந்தாள். மாப்பிள்ளை தன் அப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டுத் தானும் விழுந்தார்.

சம்பந்தி ஆட்களில் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். சம்பந்தி போகவில்லை. நேரே பந்திக்குப் போய், டெய்லரோடு சாப்பிட உட்கார்ந்திருந்த மில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம் மவனே கால்ல விழுந்துட்டான். இனி நான் என்னத்தச் சொல்ல? எலையப் போடுங்க, பசிக்கி."