லுணுகலைக்கு வந்த கணினிப் புழு

இந்நிகழ்வைப் பற்றி நான் கேள்விப்பட்டவை பல. அவற்றுள் நானே சோதித்து உறுதி செய்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். கேள்விப்பட்டதை உண்மையென்று கொண்டதால் ஒரு பெண் வேலை இழக்கவிருந்தார். அதே பிழையை எழுத்தில் நான் செய்தலாகாது.

ஒரு தேயிலை நிறுவனத்தின் பதுளைத் தலைமை அலுவலகத்தில் கணினிகளைப் பேணுவது என் பணி. தோட்ட அலுவலகங்களின் கணினிகளும் எங்கள் வலையமைப்பில் இணைந்திருந்தன. மழைக்காலத்து ஒரு காலையில் அவை யாவும் தவழத் தொடங்கின. ஒரு கோப்புத் திறப்பதற்குள் தேநீர் ஆறிப்போயிற்று. மாலைக்குள் பழி, லுணுகலைத் தோட்டத்து இளைய எழுதுவினைஞராகிய பெண்ணின்மேல் விழுந்தது. தேவாலயப் பாடற்குழுவின் பாட்டுகள் அடங்கிய பென்டிரைவை அவர் முந்தைய நாள் அலுவலகக் கணினியில் செருகியிருந்தார், அதை மறைக்கவுமில்லை. வெள்ளிக்கிழமை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகத் தோட்ட மேலாளராகிய துரை அறிவித்திருந்தார்.

மறுநாளே பஸ் ஏறி லுணுகலைக்குப் போனேன். முதல் வேலையாக இணைப்பு வயரைக் கழற்றினேன். பிறகு சோதித்ததில் கணினிப் புழு ஒன்று அகப்பட்டது. அங்கே தலைமை எழுதுவினைஞராகிய பெரிய கிளாக்கர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“பாட்டுக்காரப் புள்ள சொருகாம, பூச்சி தானா பறந்து வந்துச்சோ?”

“தானாத்தாங்க வரும்,” என்றேன்.

வைரஸ் பரவ, யாரேனும் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். புழு அவ்வாறு காத்திராது. இணைப்பிலுள்ள அடுத்த கணினியைத் தானே தேடும்; உள்ளே நுழைய முடிந்தால் தன் நகலொன்றை அங்கே வைக்கும்; அந்த நகல் அதற்கடுத்ததைத் தேடும். நாங்களோ எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தோம். ஓர் எழுதுவினைஞர் விடுப்பில் போனால் பக்கத்துத் தோட்டத்தவர் வந்து பெரட்டு எனப்படும் காலை ஆட்கணக்கின் வரவைப் பதிந்து கொடுப்பது எங்கள் வழக்கம். அப்படி வருபவர் தடுமாறலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. புழுவும் தடுமாறவில்லை.

ஆயினும் இது இப்படியும் நிகழலாம் என்று காட்டுமேயன்றிச் சான்றாகாது. பென்டிரைவைத் தனிக் கணினியில் சோதித்தேன், பாட்டுகளே இருந்தன. யாரோ துடைத்திருக்கலாம் என்றார் பெரிய கிளாக்கர். மறுக்க என்னால் இயலவில்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டமாகப் போனேன். ஹாலிஎல தோட்டத்துக் கணினியில், பென்டிரைவ் செருகப்படுவதற்கு முந்தைய வாரத் தேதியுடன் புழு கிடந்தது. தேதியைப் புழுவே மாற்றியிருக்கக்கூடும். எனவே அந்த வாரம் அக்கணினியின் கோப்புகளை நகலெடுத்து அலுமாரியில் பூட்டிய வட்டைத் தேடி எடுத்துச் சோதித்தேன். பூட்டிய பின் எந்தக் கணினியிலும் செருகப்படாத அந்த வட்டிலும் புழு இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த வட்டைத் துரையின் மேசைமேல் வைத்து விளக்கினேன். அவர் இருமுறை கேட்டுவிட்டு, எழுதுவினைஞர் வேலையில் தொடரலாம் என்றார். வெளியே காத்திருந்தவரிடம் அதைச் சொன்னேன். அவர் கையை நீட்டினார்.

“அந்தக் குச்சிய குடுங்க சார். ஞாயித்துக்கெழம பாடணும்.”

இப்போது ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கடவுச்சொல். பெரிய கிளாக்கர் இன்றும் முணுமுணுக்கிறார், நான் மாற்றவில்லை.

ஹாலிஎல கணினிக்குள் புழு எவ்வாறு வந்தது என்பது தெரியாது. அங்கே எவரையும் குற்றஞ்சாட்டச் சான்றில்லை.