என் அழுகைக்கு ஆடுகிறார்கள்

என் கணவரின் அக்கா மகன் லண்டனிலிருந்து வந்து மெல்பேர்ணில் எங்கள் நோபல் பார்க் வீட்டுக் கராஜில் குடியேறியபோது, அவன் மீது எனக்கு எந்த வெறுப்பும் இருக்கவில்லை. வெறுப்பெல்லாம் அவனாக உழைத்துச் சம்பாதித்தது. பிறந்து வளர்ந்தது இங்கிலாந்து, தொழில் ராப். பாடுவதும் அவனே, பாட்டுக்குப் பின்னால் அடிக்கிற அடியைக் கணினியில் செய்வதும் அவனே. “கொஞ்ச நாளைக்குத்தான் மச்சாள்” என்று அவனுடைய தாய் போனில் சொன்னார். அந்தக் கொஞ்ச நாளுக்காக என் காரைத் தெருவில் நிறுத்தினேன். சத்தம் எதிரொலிக்காமல் சுவர் முழுக்கப் பஞ்சுத் தகடு ஒட்டினான். நான் குசினியில் மிக்சி போட்டால் போதும், ஓடிவந்து, “மாமி, டூ மினிட்ஸ், ரெக்கோர்டிங்” என்பான். என் வீட்டில் நான் சம்பல் அரைக்க அவனிடம் உத்தரவு வாங்க வேண்டும்!

அப்போது அவனுடைய பாட்டை யார் கேட்டார்கள்? பழைய பண்டகசாலைகளில் நாற்பது ஐம்பது பேருக்கு முன்னால் கத்திவிட்டு வருவான். “அண்டர்கிரவுண்ட், மாமி” என்று பெருமையடிப்பான். நிலத்துக்குக் கீழேயே இருந்து தொலைத்திருக்கலாம்.

அந்த மாசியில் யாழ்ப்பாணத்தில் என் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். என் கடவுச்சீட்டோ புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. யார் யாரையோ பிடித்துக் கெஞ்சிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இப்போதெல்லாம் எங்கள் சனத்துக்குச் செத்தவீடு என்றால் நேரலைதான். கமராக்காரர் தலைமாட்டில் நிற்பார். கனடாவும் லண்டனும் மெல்பேர்ணும் திரையில் வரிசையாக இருந்து அழும். எனக்கு எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணித் தந்தவன் இந்த மருமகன்தான். கராஜில் ஒரு கதிரை போட்டான். தான் பாட்டுப் பதிகிற பெரிய மைக்கை என் முகத்துக்கு நேரே வைத்தான். “இதுக்குள்ள கதையுங்கோ மாமி, அங்க ஸ்பீக்கர் வச்சிருக்கினம், எல்லாருக்கும் கேக்கும்” என்றான். அன்றைக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அண்ணையின் பெட்டியைத் தூக்கப் போனபோது நான் குழறி அழுதேன். “அண்ணை, நான் இஞ்ச நிக்கிறன்! அண்ணை, நான் இஞ்ச நிக்கிறன்!” வேறொன்றும் வாயில் வரவில்லை. அவருக்குக் கேட்காவிட்டாலும் அந்த வீட்டுக்குக் கேட்கட்டும், தங்கச்சிக்காரியும் கடைசியாக ஒரு குரல் கொடுத்தாள் என்று இருக்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு வந்த மாதங்களை அந்த ஒரு ஆறுதலில்தான் கழித்தேன். என் குரலாவது போய்ச் சேர்ந்தது.

ஆவணியில் ஒருநாள் ஸ்பிரிங்வேலில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கிறேன். பக்கத்துக் காரில் நாலைந்து பொடியள், யன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது, பாட்டு அதிர்கிறது. அதற்குள் என் குரல். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பவும் வந்தது: நிக்கிறன், நிக்கிறன், நிக்கிறன். வெட்டி, நறுக்கி, சின்னப்பிள்ளைக் குரல்போலச் சுருதி ஏற்றி, கீழே தொம் தொம் என்று அடி. அதற்குமேல் மருமகன் தன் லண்டன் இங்கிலிசில் பெட்டைகளையும் காசையும் பற்றி அளந்துகொண்டிருக்கிறான். பொடியள் தலையை ஆட்டுகிறார்கள், ஒருவன் தோளையும் குலுக்குகிறான். பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

அந்தப் பாட்டில்தான் அவன் மேலே வந்தான். சிட்னியில் மேடை, பிறகு இங்கேயே பெரிய மேடை, டிக்கெட் எல்லாம் முடிந்துவிட்டதாம். வானொலியில் ஒருத்தி அதற்கு விளக்கம் வேறு கொடுத்தாள்: குடியேறி வந்த ஒரு பெண், நான் இங்கேதான் நிற்கிறேன் என்று இந்த நாட்டுக்கே பெருமிதத்தோடு சொல்கிறாளாம். பெருமிதமாம், மண்ணாங்கட்டி! கோயிலில் ஒரு அன்ரி, “பிள்ளை பேமஸ் ஆகிட்டான், எல்லாம் உங்கட கைராசி” என்று சிரித்தார்.

அவன் சிட்னியிலிருந்து திரும்பிய அன்றே கராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“என்ர அண்ணையின்ர செத்தவீட்டையாடா வித்துத் திரியிறாய்?”

ஹெட்போனைக் கழற்றினான். “மாமி, அது அவருக்கு ட்ரிபியூட்...”

“உன்ர வீட்டில ஆரும் செத்தா அதை வச்சு அடி உன்ர ட்ரிபியூட்டை. என்ர குரலை எடு. எடுக்குமட்டும் உனக்கு இந்த வீட்டில சோறு இல்லை.”

என் கணவர் பின்னாலேயே ஓடிவந்தார். “இஞ்சேரும், பிள்ளை முன்னுக்கு வாற நேரம்...”

“நீங்கள் வாயை மூடுங்கோ. உங்கட அக்காவின்ர பிள்ளை எண்டு பல்லைக் கடிச்சது போதும்!”

மருமகனின் முகம் செத்துப்போயிற்று. பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுகிறேன், ஆனால் ஒரு கிழமை வேண்டும் என்றான். ஒரு கிழமை தந்தேன்.

அடுத்த நாள், அண்ணையின் மனைவியிடமாவது கொட்டித் தீர்ப்போம் என்று யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டார்.

“அண்டைக்கு உம்மட குரல் இஞ்ச வரேல்லையே” என்றார். “நீர் வாயை அசைக்கிறது மட்டும்தான் தெரிஞ்சது. சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. உமக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான்.”

போனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். இந்தமுறை கத்த வரவில்லை.

“அண்டைக்கு அங்க என்ர சத்தம் போகேல்லையாம். உனக்குத் தெரியுமோ?”

அவன் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான். அழைப்பு சத்தம் போகாமல் ம்யூட்டில் கிடந்ததை நான் அழத் தொடங்கியதுமே கண்டானாம்.

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நீங்க அழுதிட்டு இருந்தீங்க மாமி. ஸ்டொப் பண்ண மனம் வரேல்ல.”

எதை நிறுத்த மனம் வரவில்லை, என் அழுகையையா, தன் ரெக்கோர்டிங்கையா என்று நான் கேட்கவில்லை. பதில் காரில் நாலைந்து பொடியளோடு போய்க்கொண்டிருந்தது. ஒரு விரலால் தட்டியிருந்தால் போதும், பாவி, என் அண்ணையின் வீட்டுக்கு என் குரல் போயிருக்கும்.

“வெட்டாத குரல் எங்க கிடக்கு? அதைத் தா. அண்ணிக்கு அனுப்பவேணும்.”

இல்லையாம். கணினியில் இடம் காணாமல் அதை எப்போதோ அழித்துவிட்டானாம். பாட்டுக்குள் இருப்பதுதான் மிச்சமாம்.

“அதையும் நாளைக்கே எடுத்திடுறன் மாமி, ப்ரொமிஸ்” என்றான்.

“பாட்டு அப்பிடியே கிடக்கட்டும். நீ வீட்டை விட்டு வெளிக்கிடு.”

அவன் சாமான் கட்டத் தொடங்கினான். நான் உள்ளே வந்து குசினிக் கதிரையில் இருந்து அந்தப் பாட்டைத் தேடி எடுத்தேன். பெட்டைகளும் காசும் தூஷணமும் தொம் தொம்மும் எல்லாவற்றையும் சேர்த்து, அப்படியே அண்ணிக்கு அனுப்பினேன். அண்ணையின் படத்துக்கு முன்னால் போட்டுவிடச் சொன்னேன்.